படலையடியில் கழற்றிய தொப்பி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகருக்கு எங்கள் அப்பா ஒரு தடவையாவது தொப்பியைத் தூக்கியிருப்பார். சந்தை வாசலில், பஸ் நிலையத்தில், கோயிலுக்குப் போகும் வழியில். சாம்பல் நிறத் தொப்பி, வலது கை, ஒரு சின்னத் தூக்கு, பிறகு திரும்பவும் தலையில். அநேகர் அவரைத் "தொப்பி ஐயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டீர்கள். சிலர் முதுகுக்குப் பின்னால் "துரை வாறார்" என்றும் சொன்னீர்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும். பரவாயில்லை, அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அப்பாதான்.

மூத்த மகளாகிய என்னைத்தான் இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னார்கள். "அக்கா, வழமை போல நீட்டி முழக்காதேங்கோ" என்று தம்பி கனடாவிலிருந்து வந்து இறங்கிய கையோடு சொல்லிவிட்டான். நான் நீட்டத்தான் போகிறேன். அப்பாவின் வாழ்க்கையைச் சொல்வதென்றால் அம்மாவின் ஆசை ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மா ஒருநாளும் அப்பாவிடம் நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரேயொரு சல்யூட். அதை மட்டும் அப்பா கொடுக்கவேயில்லை என்றுதான் அண்மைக் காலம் வரை எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்பா பிறந்தது தம்பலகாமத்தில், வயல்காரக் குடும்பத்தில். கூடப்பிறந்த அண்ணன்மார் உழவும் சூடடிப்புமாக நிற்க, அப்பாவுக்கு மாத்திரம் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காதாம். யானைக் காவலுக்குப் போனால் டோர்ச் லைட்டை அணைத்து அணைத்து ஏற்றி, அடுத்த வயல் பரணில் இருக்கும் அண்ணனுக்குச் சைகை காட்டிக்கொண்டிருப்பாராம். "யானை போய்ச் சேர்ந்தாப் பிறகும் உவன் லைட்டை விடான்" என்று பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். படிப்பை முடித்து நேவியில் சேர்ந்தபோது அவரைச் சிக்னல் பகுதிக்கு எடுத்தார்கள். கொடியாலும் விளக்காலும் கப்பலுக்குக் கப்பல் பேசும் வேலை. பெரியப்பா சொல்வது போல, அந்த வேலைக்கு அவர் ஏற்கெனவே யானையிடம் பயிற்சி எடுத்திருந்தார்.

நேவி அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவை அவர் உடம்போடு ஒட்டிவிட்டன. சட்டையை மடிப்பது, சப்பாத்தைத் துடைப்பது, நேரத்துக்கு முதல் போய் நிற்பது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. சல்யூட்டுக்கும் இருந்தது. கடற்படைச் சல்யூட்டில் உள்ளங்கை வெளியே தெரியக் கூடாது. தம்பி பள்ளிக்கூட நாடகமொன்றில் சிப்பாய் வேடம் போட்டு உள்ளங்கையை விரித்து அடித்தபோது, முன்வரிசைக் கதிரையில் இருந்த அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் "ஆமிக்காரன் மாதிரி அடிச்சுப்போட்டியே மோனே" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்.

அம்மா நகரத்துப் பெண். நேவி டொக்யார்ட் பக்கம் தையல் வகுப்புக்குப் போய்வருவார். ஒருநாள் வீதியோரத்தில் ஒரு வெள்ளை யூனிபோம் அசையாமல் நின்றதாம். கொடி கட்டிய காரொன்று வர, அந்த யூனிபோமின் கை விறுக்கென்று நெற்றிக்குப் போனதாம். காருக்குள் இருந்ததோ சந்தைக்குப் போய்வரும் ஓர் அதிகாரியின் மனைவி. மடியில் மரக்கறிக் கூடை வேறு. "ஒரு பொம்பிளைக்கு இப்பிடி மரியாதை குடுக்கிற மனுசன் கட்டினவளை எப்பிடி வச்சிருப்பான்!" என்று அம்மா அன்றைக்கே மயங்கிவிட்டார். பிறகு உறவுக்காரர் மூலம் பேச்சு வந்து, மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோது அம்மாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. உடனேயே ஓம் என்றுவிட்டார்.

கலியாணத்தன்று வேட்டியும் தலைப்பாகையுமாக அப்பா பக்கத்தில் இருக்க, அம்மா மெல்லக் கேட்டாராம். "இஞ்சேருங்கோ, அண்டைக்கு அந்த அம்மாவுக்கு அடிச்ச மாதிரி எனக்கும் ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோவன்."

"அது அந்த அம்மாவுக்கு அடிச்சதில்லை. காரில கொடி இருந்தது. கொடிக்கு அடிச்சனான்."

"சரி, எனக்கு அடியுங்கோ."

"சிவில் உடுப்பில நிக்கேக்க நெத்திக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாது."

லீவு முடிந்து அப்பா யூனிபோமைப் போட்டதும் அம்மா ஆசையோடு முன்னால் போய் நின்றார். "இப்ப உடுப்புச் சரிதானே?"

"இப்ப நான் யூனிபோமில நிக்கிறன். ராங்க் இருக்கிற ஆக்களுக்குத்தான் அடிக்கலாம். உமக்கு ராங்க் இல்லையே."

பாருங்கள் நியாயத்தை! யூனிபோமோடு நின்றால் அம்மாவுக்கு அடிக்க ஏலாது. யூனிபோம் இல்லாமல் நின்றால் ஒருவருக்குமே அடிக்க ஏலாது. "அப்ப எனக்கு எப்பதான்?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா சிரித்தாராம். அந்தக் கேள்வியை அம்மா அப்பாவின் கடைசிக் காலம் வரை விடவில்லை. தீபாவளிக்குக் கேட்பார், கலியாண நாளுக்குக் கேட்பார், கறிக்கு உப்புக் காணாது என்று அப்பா சொன்னால் "முதல் சல்யூட்டை அடியுங்கோ, பிறகு உப்புப் போடுறன்" என்பார்.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அப்பா நேவியை விட்டுவந்து துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டும் வேலையில் சேர்ந்தார். வெளித்துறையில் நிற்கும் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றி இறக்குவது. யூனிபோமைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய கையோடு கடைக்குப் போய் வாங்கியதுதான் அந்தச் சாம்பல் நிறத் தொப்பி. நைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று வாங்குவார். வெயிலுக்குத்தான் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் மழை இருட்டிலும் போட்டுக்கொண்டுதான் போவார். தெரிந்தவர் எதிரே வந்தால் தூக்கிப் போடுவார். மீன்காரருக்கும் தூக்குவார், தபால்காரருக்கும் தூக்குவார், குருக்களுக்கும் தூக்குவார். "வீதியில மான் குறுக்க போனாலும் உங்கட கொப்பர் தொப்பியைத் தூக்குவார். நான்தான் மானிலும் கேவலமாப் போனன்" என்று அம்மா பகிடியும் கோபமுமாகச் சொல்வார்.

அம்மாவுக்கு முன்னால் மட்டும் அந்தத் தொப்பி வேறு மாதிரி நடந்துகொண்டது. காலையில் வேலைக்குப் புறப்படும்போது அம்மா வாசல் படலை வரை வருவார். அப்பா சைக்கிளை வெளியே உருட்டி, மதிலில் சாய்த்து வைத்து, திரும்பி நேராக நின்று தொப்பியை முழுதாகக் கழற்றுவார். ஊராருக்குத் தூக்கிப் போடுவது போலில்லை. கழற்றினால் கழற்றியபடியே நிற்பார். வழுக்கைத் தலையில் வெயில் விழும். பின்னால் சைக்கிள்காரர் மணி அடிப்பார். அப்பா அசையமாட்டார். அம்மாவுக்கு வெட்கமாகிவிடும். "போடுங்கோ தொப்பியை, வெயில் படுது!" என்று அதட்டுவார். அதற்குப் பிறகுதான் அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். இது தினமும் நடந்தது. பென்சன் எடுத்த பிறகு பேப்பர் வாங்கப் போகும்போதும் நடந்தது. நாங்கள் அதை அப்பாவின் ஒரு கிறுக்குப் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

"ஊரெல்லாம் காட்டுற தொப்பியை எனக்கும் காட்டிக்கொண்டு நிக்கிறியள். கேட்டது சல்யூட் எல்லோ" என்று அம்மா கேட்டால், அப்பா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். "தாறதைத்தானே தாறன்." தர முடிந்தது இவ்வளவுதான் என்கிறார் என்று அம்மா விளங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

நாடு கலங்கியிருந்த காலத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. நேவியில் இருந்தவர் என்று சொன்னால் ஒரு பக்கத்தார் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தமிழர் என்று மற்றப் பக்கத்தார் வேறு மாதிரிப் பார்த்தார்கள். அப்பா இரண்டையும் மறைக்கவில்லை, ஒன்றையும் சொல்லித் திரியவும் இல்லை. எங்களைப் படிப்பிக்கவும் அடுப்பு எரியவும் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். லாஞ்ச் ஓடாத மாதங்களில் தம்பலகாமத்துக்குப் போய், பிடிக்காத அந்தச் சேற்றிலும் இறங்கினார்.

அந்த நாட்களில் ஒருமுறை அப்பா, அம்மா, நான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காவலரணில் மறித்தார்கள். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் ஓர் இளம் நேவி அதிகாரி முன்னால் வந்தார். அப்பா நேராக நின்று தொப்பியைக் கழற்றினார். கழற்றியபடியே நின்றார். அந்த அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குதிக்காலைச் சேர்த்து, அப்பாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார். எந்தக் காலத்தில் நேவியில் இருந்தீர்கள் என்று அந்தப் பொடியன் சிங்களத்தில் கேட்டதும், அப்பா சொன்னதும், அடையாள அட்டையைக் கூடப் பார்க்காமல் எங்களை விட்டதும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அரணைத் தாண்டியதும் அம்மாவுக்குப் பயம் போய் ஆற்றாமை வந்துவிட்டது. "பாத்தியே பிள்ளை! பேர் ஊர் தெரியாத பொடியன் இந்த மனுசனுக்கு அடிக்கிறான். இந்த மனுசனுக்கு எனக்கு ஒண்டு அடிக்க ஏலாது."

"அது பதில்" என்றார் அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் என்ன பதில் என்று நாங்களும் கேட்கவில்லை.

அப்பாவின் கடைசிக் காலம் பெரிய வேதனை இல்லாமல் போனது. அதற்கு நாங்கள் கோணேசருக்கு நன்றி சொல்கிறோம். நெஞ்சு பலவீனம் என்று ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். கட்டிலில் தொப்பி போட ஏலாதே, வெறுந்தலையோடுதான் கிடந்தார். டொக்டர் வரும் நேரம் காலிரண்டையும் சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டி விறைப்பாகப் படுத்துக்கொள்வார். "என்னையா, எங்கேயாவது நோகுதோ?" என்று டொக்டர் கேட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பின்னேரம் அம்மா சூப்போடு வரும்போதும் அதே விறைப்பு. கால் பிடித்துவிட்டதாக்கும் என்று அம்மா தைலம் எடுத்து உரஞ்சத் தொடங்குவார். "சூப் ஆறப்போகுது, குடியுங்கோ" என்ற பிறகுதான் உடம்பைத் தளர்த்துவார். அப்படி ஒரு பின்னேரம் சூப்பைக் குடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி நித்திரையானார். பிறகு எழும்பவில்லை. எங்களுக்கு அழுகை வந்தது, ஆனால் குறை சொல்ல ஒன்றுமில்லாத சாவு அது.

செத்தவீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து காதர் மாமா வந்தார். அப்பாவோடு நேவியிலும் இருந்தவர், பிறகு துறைமுகத்தில் ஒரே லாஞ்சில் வேலை செய்தவர். வேலைக் காலத்தில் நகரத்தில் எங்கள் வீதியிலேயே வாடகைக்கு இருந்து, காலையில் அப்பாவோடு சேர்ந்து சைக்கிளில் போனவர். பெட்டியை மூட முதல் அம்மா அவரை, அண்ணன் முறையில் வழமையாகச் சொல்லும் 'நானா' என்று கூப்பிட்டார்.

"நானா, எனக்குத்தான் இந்த மனுசன் அடிக்காமலே போட்டார். அவரையாவது சல்யூட்டோட அனுப்பி வையுங்கோ."

காதர் மாமா சாரமும் வெள்ளைச் சட்டையும் தொழுகைத் தொப்பியுமாக நின்றார். கண் கலங்கியிருந்தது. பெட்டிக்கு முன்னால் போய்க் குதிக்காலைச் சேர்த்து, கையிரண்டையும் கீழே ஒட்டி, நேராக நின்றார். கை மேலே போகவில்லை. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு விலகிவிட்டார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "சிநேகிதனும் அதே அச்சுத்தான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். அப்பாவுக்காக அம்மா அழுததைவிட அந்த சல்யூட்டுக்காக அழுததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு காதர் மாமா திரும்பவும் வந்தார். அம்மா கதிரை போட்டார், ஆனால் கதை கொடுக்கவில்லை. மாமாவுக்கு அது விளங்கிவிட்டது.

"தங்கச்சி, ஒங்களுக்கு என்னில கோவம்."

"கோவமில்லை நானா. ஒரு கையைத் தூக்கிறதுக்கு உங்களுக்கெல்லாம் என்ன குறைஞ்சு போகுது எண்டுதான்."

"நான் சல்யூட் பண்ணித்தானே நிண்டன்!"

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். தம்பி சாப்பிட்ட கையோடு எழும்பி வந்தான்.

மாமா சொன்னார். "சிவில் உடுப்பில இரிக்கக்குள்ள கையால அடிக்கப்படா. தலையில தொப்பி இருந்தா அதைக் கழட்டோணும். தொப்பி இல்லாட்டி நேரா நிக்கோணும். அதுதான் எங்களுக்கு சல்யூட். வேற ஒண்டும் இல்ல. என்ர தலையில இரிக்கிறது தொழுகைத் தொப்பி, அதைக் கழட்டுறது எங்கட வழக்கமில்ல. அதால நேரா நிண்டன்."

அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் இருந்தார்.

"இன்னொண்டும் இரிக்கி. முதல்ல சல்யூட் பண்ணினவன், பெரியவர் பதில் தாற வரைக்கும் கையை எடுக்கப்படா. தொப்பியைக் கழட்டினா, பதில் வந்தாப் பொறவுதான் போடலாம். மத்த ஆக்களுக்குத் தூக்கிப் போடுறது சும்மா சுகம் விசாரிக்கிறது. ஒங்களுக்குப் படலையடியில அவன் கழட்டிக்கொண்டு நிண்டதை நான் சைக்கிளோட எத்தன காலம் பாத்திரிக்கன்! 'வெயில் படுது, போடுங்கோ' எண்டு நீங்க சொல்லாம அவன் ஒருநாளாவது போட்டவனா?"

"எனக்கு ராங்க் இல்லை எண்டெல்லோ சொன்னவர்?" அம்மா மெல்லக் கேட்டார்.

"யூனிபோமில இரிக்கிற மட்டும் அரசாங்கம் காட்டுற ஆளுக்கு அடிக்கோணும். அதைக் கழட்டி வச்சாப் பொறவு, தனக்கு ஆர் பெரிய ஆள் எண்டு அவனவன்தானே பாக்கிறான், தங்கச்சி. தொப்பியை வாங்கினதே அதுக்குத்தானே."

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காவலரணில் அந்த அதிகாரி அடித்தது, அப்பா "அது பதில்" என்றது, "தாறதைத்தானே தாறன்" என்றது. வாட்டில் அம்மா வரும்போதெல்லாம் வெறுந்தலையோடு விறைப்பாகப் படுத்தது. அதற்குப் போய்த் தைலம் தேய்த்தோமே!

"அப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அந்த மனுசன்!" என்றார் அம்மா.

"நானும் அவனிட்டக் கேட்டிரிக்கன். 'அவவுக்குத் தெரியும் மச்சான், தெரிஞ்சுகொண்டுதான் பகிடிக்குக் கேக்கிறா' எண்டு சொல்லுவான்."

அம்மா சிரித்தார். கண்ணால் நீர் ஓட ஓட, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டே போய்ச் சேர்ந்திட்டாரே! ஐயோ, இத்தனை வருசமா ஒவ்வொரு நாளும் வாங்கி வச்சுக்கொண்டெல்லோ நான் கேட்டிருக்கிறன்!" அன்றைக்குத்தான் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. காதர் மாமாவும் அழுதுகொண்டு சிரித்தார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அப்பாவை வாட்டில் தங்கள் தகப்பனைப் போலப் பார்த்த தாதிமாருக்கும் டொக்டருக்கும், செத்தவீட்டுக்கு அரிசியும் தேங்காயும் கொண்டு தம்பலகாமத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும், குச்சவெளியிலிருந்து பந்தல் சாமான்களையும் கதிரைகளையும் ஏற்றிவந்து, எல்லாம் முடியும் வரை வீட்டுக்குப் போகாமல் நின்ற மச்சானுக்கும், எங்களைச் சமைக்க விடாமல் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காதர் மாமாவுக்குச் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. அவர் வாசலுக்கு வரும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து நேராக நிற்கிறோம், அவருக்கு அது விளங்கும். அப்பாவை அன்றைக்கு மரியாதையோடு மறித்து மரியாதையோடு அனுப்பிய, பெயர் தெரியாத அந்த அதிகாரி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அட்டைப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பா யூனிபோமில் சல்யூட் அடித்தபடி நிற்கும் பழைய படத்தைத்தான் போட வேண்டும் என்று அம்மா முதலில் ஒற்றைக் காலில் நின்றார். எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் அவராகவே அதை வேண்டாம் என்றுவிட்டார். இப்போது நீங்கள் அட்டையில் பார்ப்பது போன முறை வந்தபோது தம்பி தன் போனில் எடுத்த படம். படலைக்கு வெளியே அப்பா கையில் தொப்பியோடு நிற்கிறார். ஓரத்தில் தெரியும் நீலச் சேலைத் தலைப்பு அம்மாவுடையது.

அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதோ என்று கேட்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து, தினமும் சொல்லும் அதே அதட்டலில் சொன்னார்:

"போடுங்கோ தொப்பியை, வெயில் படுது."